நூற்றுப் பத்தொன்பதுக்கு ஒரு சாட்சி

ஜனவரி 6, திங்கள்

சக்கரம் வந்துவிட்டது.

ஈயப் பெட்டிக்குள் இன்னொரு ஈயப் பெட்டி, அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு சக்கரம். விளிம்பைச் சுற்றிப் பன்னிரண்டு மெல்லிய தகடுகள். தகடுகளின்மேல் பூசியிருப்பது பெர்க்கிலியம் என்கிற தனிமம். மொத்தமும் ஒரு சிட்டிகைக்குத் தேறாது. இதற்காகத் தவமணி ஆறு வருடம் கடிதம் எழுதினாள். யாரோ வெளிப்பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார்கள். பாதுகாப்பு அதிகாரி வந்து கத்தினார். கத்தி முடித்துவிட்டு, அவரே பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பெர்க்கிலியத்திடம் ஒரு கோளாறு, அது தங்காது. 330 நாளில் பாதி போய்விடும். ஆவியாகிப் போவதில்லை. இருந்த இடத்திலேயே கலிபோர்னியம் என்கிற அடுத்த தனிமமாக மாறிவிடும். இன்று இருப்பதை நூறு என்று வைத்துக்கொண்டு, மிச்சம் எவ்வளவு என்று இதில் எழுதி வரப்போகிறேன்.

இந்த டைரி ஓர் உப்பு வியாபாரி கொடுத்தது. ஐம்பத்து மூன்று வயதில் டைரி எழுத ஆரம்பிப்பது கொஞ்சம் கேவலமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வருடம் யாரிடமும் சொல்லக்கூடாத ஒரு வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எங்காவது கொட்டத்தானே வேண்டும்.

மிச்சம்: 100.

ஜனவரி 8, புதன்

எதைத் தேடுவது என்று இன்று முடிவுக் கூட்டம். மூன்று மணி நேரம், இரண்டு சுற்று வடை.

இதுவரை தெரிந்த தனிமங்கள் நூற்றுப் பதினெட்டு. அதற்கு மேல் எதையும் எவரும் பார்த்ததில்லை. இந்தத் தேரிக்காட்டுச் செம்மண்ணில் அணுக்களை வேகமாக எறிகிற முடுக்கியைக் கட்டி நாங்கள் உட்கார்ந்திருப்பது அதற்கு மேலே ஒன்றைப் பார்க்கத்தான். கணக்கு வெறும் கூட்டல். டைட்டானியத்தின் எண் 22. அதை வேகமாக விட்டெறிந்து பெர்க்கிலியத்தில் (97) மோதினால் 119. கலிபோர்னியத்தில் (98) மோதினால் 120. மோதுகிற கோடானுகோடி அணுக்களில் ஒன்று ஒட்டினால் பெரிய காரியம். இரண்டுக்கும் வேண்டிய வேகம் கொஞ்சம் வேறு. ஒன்றுக்குச் சரியாக வைத்தால் மற்றது கைநழுவும்.

எங்கள் தலைவர் தாணுலிங்கம் ஸாருக்கு 120 மேல்தான் ஆசை. இரட்டைப்படை, சிதைவது ஒழுங்காக இருக்கும் என்பார். செப்டம்பரில் ஓய்வு பெறுகிறார். யாரோ 126ஐ எடுத்தார்கள். "அதெல்லாம் நம்ம பேரன்மாருக்கு விட்டிருங்க" என்றுவிட்டார்.

தவமணி எழுந்தாள். "ஸார், கலிபோர்னியம் எங்கயும் போயிராது. நாம செத்து மண்ணான பெறவும் இருக்கும். பெர்க்கிலியந்தான் போயிட்டு இருக்கு. போறதை மொதல்ல பாப்போம். இருக்கதை அப்புறம் பாத்துக்கிடலாம்."

அவ்வளவுதான். ஜூன் வரை 119, அப்புறம் 120 என்று முடிவாயிற்று. அவள் பேசினால் எடுபடுகிறது. என்னைவிட ஒன்பது வயது இளையவள், துணைத் தலைவர். எட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு என் வீட்டில்தான்.

ஜனவரி 17, வெள்ளி

டிடெக்டர் பற்றிய கட்டுரை அச்சாகி வந்திருக்கிறது. புது அணு விழுகிற இடத்தையும் அது சிதைவதையும் பிடிக்கிற சிலிக்கன் தகடு அது. நூற்று இருபத்தெட்டுக் கீற்றுகள். ஒவ்வொரு கீற்றுக்கும் கம்பி இழுத்தது என் கை, நான்கு வருடம். கட்டுரையில் பதினேழு பேர் பெயர் இருக்கிறது. என் பெயர் கடைசியில் நன்றிப் பகுதியில், குளிர்சாதனக்காரருக்கு அடுத்து.

பட்டியல் போட்டது தவமணி. கேட்டேன். "விஞ்ஞானிகள் பேரு மட்டுந்தான் போடணும்னு மேலருந்து சொன்னாவக்கா. நான் என்ன செய்ய?" என்றாள்.

எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவே.

மிச்சம்: 98.

ஜனவரி 23, வியாழன்

இன்று பொம்மையை வைத்தேன்.

இதுதான் யாரிடமும் சொல்லக்கூடாத வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பு இங்கே ஏற்படுத்திய வழக்கம். ஆறு மாதம் எதுவுமே கண்ணில் படாமல் உட்கார்ந்திருந்தால் ஆட்கள் தூங்கிவிடுவார்கள், அல்லது இல்லாததைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். அதனால் ஒருவர் மட்டும், மற்றவர்களுக்குத் தெரியாமல், தரவுக்குள் ஒரு பொய் நிகழ்வை நுழைத்துவிட வேண்டும். நிஜ அணு விழுந்து சிதைந்தது போலவே இருக்கும். கண்டுபிடிக்கிறார்களா என்று சோதனை. கொல்லையில் காக்கை விரட்ட நிற்பதைப் போல அதற்கும் பொம்மை என்று பெயர் வந்துவிட்டது. என்ன வைத்தோம், எந்தத் தேதியில் என்று எழுதி, உறையில் அரக்கு வைத்து, தலைவரின் இரும்பு பீரோவில் பூட்ட வேண்டும். கட்டுரை எழுத உட்காரும் நாளில்தான் உறையைப் பிரிப்பார்கள். அதுவரை பொம்மை வைத்தவர் ஆமாம் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது.

நுழைப்பதற்கான கணினி நிரலை எழுதியது தவமணி. துளித் தடயம் இருக்காது. இருந்தால் துருவிப் பார்த்துவிடுவார்கள் என்று அவளே அப்படிச் செய்தாள். பொம்மைகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு இல்லை. வைப்பவர் இஷ்டம்.

119 போல ஒன்று வைப்பதா, 120 போல ஒன்று வைப்பதா? சீட்டு எழுதிக் குலுக்கினேன். 120 வந்தது. எழுபத்தோராம் கீற்றில் வைத்தேன். ஒன்றே ஒன்று போதும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

காற்று. வீடு முழுக்கச் செம்மணல். பாயை உதறினால் மண், பாத்திரத்தைக் கவிழ்த்தால் மண். போர் மோட்டார் மறுபடி எரிந்துவிட்டது. தவமணி வந்து கூடவே தண்ணீர் இறைத்தாள். மீன் அவள் வாங்கி வந்தது. நன்றாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

மிச்சம்: 94.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஒன்றும் இல்லை. டிடெக்டரைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் ஊற்றினேன். கட்டைவிரலில் பனிக்கொப்புளம்.

மார்ச் 3, திங்கள்

பொம்மையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஜனவரித் தரவை அலசி முடித்த குழு காலையில் ஓடி வந்தது. எழுபத்தோராம் கீற்று. கனமான அணு ஒன்று விழுந்து, அதே இடத்தில் மூன்று ஆல்பாத் துகள், கடைசியில் இரண்டாகப் பிளவு. தாணுலிங்கம் ஸார் தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "எஸ்தரம்மா, ஒங்க டிடெக்டரு பாத்திருக்கு, கேட்டியளா" என்றார். இத்தனை வருடத்தில் அவர் அதை என்னுடையது என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

நான் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய முடியும்? விதி அது.

மார்ச் 7, வெள்ளி

தவமணிக்குச் சந்தேகம். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டாள். "ஜனவரில அந்தச் சக்கரத்துல கலிபோர்னியம் அஞ்சு சதவீதம்கூட இல்ல. வேகமும் நூத்துப்பத்தொம்பதுக்கு வச்ச வேகம். நூத்திருவது எப்படி ஸார் வரும்?"

சரியான கேள்வி. பொம்மை செய்யும்போது எனக்கு இது தோன்றவே இல்லை. கம்பி இழுக்கிறவளுக்கு எங்கே தோன்றும்.

ஸாருக்கு அதுவே கொண்டாட்டமாகிவிட்டது. "அஞ்சு சதவீதத்துலயே ஒண்ணு கெடச்சிருக்கு. நாளுக்கு நாள் அது கூடிட்டே வருது. வேகத்தையும் மாத்திட்டா எத்தனை கெடைக்கும்? ரெண்டாவது ஒண்ணு மட்டும் கெடைக்கட்டும், அன்னைக்கே கட்டுரை."

இந்தத் தொழிலில் ஒன்று என்பது கணக்கில் வராது. இரண்டாவது வேண்டும். அதனால் உறையை இப்போது பிரிக்க மாட்டார்கள். டைட்டானியக் கற்றையின் வேகத்தை மாற்றும் முன் பிரிக்க வேண்டும் என்று விதியில் இல்லை. அப்படி ஒரு நிலைமை வரும் என்று விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

பிப்ரவரித் தரவை அலசுவதை நிறுத்திவிட்டு எல்லாரையும் 120க்குத் திருப்பியிருக்கிறார் ஸார். பத்து நாளில் முடிவு.

மிச்சம்: 88.

மார்ச் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்தேன். தவமணி எனக்கு முன்பே வந்து கதவருகே நின்றுகொண்டிருந்தாள். சாப்பிட உட்கார்ந்தோம். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"அக்கா, விதி எனக்கும் தெரியும். ஆனாலும் கேக்கேன். எழுவத்தொண்ணு ஒங்க பொம்மையா? வாயால சொல்லாண்டாம், தலைய மட்டும் ஆட்டுங்க. பொம்மைன்னா நாளைக்கு நான் சண்டை போடணும். நெசம்னா, ஸார் சொல்லுதது சரி, நான் வழிய விட்டிருதேன். பெர்க்கிலியம் போயிட்டே இருக்குக்கா. ஆறு வருசம்."

எட்டு வருடப் பழக்கத்தில் இப்படிக் கேட்டால் எனக்கு எவ்வளவு சங்கடம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பொம்மைக்காரரிடம் கேட்பதே தப்பு. பதில் சொல்லி அனுப்பினேன்.

"சரிக்கா" என்று கை கழுவினாள். மோர் வேண்டாம் என்றாள்.

மார்ச் 17, திங்கள்

வேகத்தை 120க்கு மாற்றியாயிற்று. தவமணி எதிர்க்கவே இல்லை. "நூத்திருவதுக்கே போவோம் ஸார், அதுதான் ஞாயம்" என்றாள். எல்லாருக்கும் ஆச்சரியம். மதியம் தயிர்ச்சாதம் புளித்திருந்தது.

மிச்சம்: 86.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை. மூன்று மணி நேரமும் உட்கார்ந்திருந்தேன். போதகர் ஐயர் என்ன பிரசங்கித்தார் என்று கேட்டால் தெரியாது. மனது முழுக்க அந்தச் சக்கரம். இன்று மட்டும் எவ்வளவு போயிருக்கும் என்று பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் கணக்குப் போட்டேன். பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை ஸாரிடம் சொல்லிவிடலாம்.

ஏப்ரல் 21, திங்கள்

ஸார் நல்ல சந்தோஷமாக இருந்தார். 120க்கு என்ன பெயர் வைக்கலாம் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். நான்கு பெயர். எனக்குக் காட்டினார். வேறு யாருக்கும் காட்டவில்லையாம்.

சொல்லவில்லை. சொன்னால் விதியை மீறியதாகும். இதுவே கடைசிப் பேச்சு. இதைப் பற்றி இனி இதில் எழுதப்போவதில்லை.

மே 15, வியாழன்

ஒன்றும் இல்லை. மிச்சம்: 76.

ஜூலை 10, வியாழன்

நான்கு மாதம் ஆயிற்று, இரண்டாவது வரவில்லை. ஸாருக்கு நாள் நெருங்குகிறது. கற்றையின் செறிவை ஒன்றரை மடங்கு கூட்டச் சொன்னார். சக்கரத் தகடு தாங்குமா என்று என்னிடம் கேட்டார்கள். சூடு ஏறும், கவனம் என்று எழுதிக் கொடுத்தேன். வேண்டாம் என்று எழுதவில்லை. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள்.

தவமணி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவது குறைந்துவிட்டது. வேலை அதிகம் என்கிறாள். வரும்போதும் கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறாள். 120 கிடைத்துவிட்டால் ஒரு மாதமாவது 119க்கு வேகம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கப்போகிறாளாம். "அறுவது சதவீதம் இருந்தாகூடப் போதும்க்கா" என்றாள். நான் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தேன்.

மிச்சம்: 68.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சக்கரம் போய்விட்டது.

காலை பத்தேகாலுக்குச் சக்கரம் இருக்கும் வெற்றிட அறைக்குள் அழுத்தம் எகிறியது. நிறுத்திவிட்டுக் கேமராவில் பார்த்தோம். பன்னிரண்டு தகடுகளில் ஏழு கொப்புளித்து உரிந்திருந்தன. இரண்டு கிழிந்து தொங்கின. அறை உள்ளே முழுக்கக் கதிரியக்கத் தூசி. இனி அதை மனிதக் கை தொட முடியாது. சக்கரத்தை ஈயத்தில் மூடி அனுப்பிவிட வேண்டும். இன்னொன்று கேட்டு வாங்க இன்னொரு ஆறு வருடம் ஆகும், அதுவும் அவர்கள் மனது வைத்தால்.

தவமணி திரை முன்னால் நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பதிவேட்டை இழுத்து நேரத்தைக் குறித்தாள், கையெழுத்துப் போட்டாள்.

மிச்சம் 62 என்று எழுதுகிறேன். எதில் 62 என்று தெரியவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

சக்கரம் இல்லாததால் இரண்டாவதுக்குக் காத்திருக்க வழியில்லை. ஒன்றே ஒன்றை வைத்தாவது கட்டுரை எழுதிவிடலாம் என்று ஸார் உட்கார்ந்தார். கட்டுரை என்றால் உறை. பீரோவைத் திறந்தார்கள். அரக்கை உடைத்தது ஸார்தான்.

படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார், அங்கே ஏதாவது மாற்றி எழுதியிருக்கும் என்பது போல. "நல்ல பொம்மை" என்றார். உட்கார்ந்துகொண்டு தண்ணீர் கேட்டார். சட்டைப் பையில் அந்தப் பெயர்த் தாள் மடித்து இருந்தது. துணி வழியே எனக்கு அது தெரிந்தது.

தவமணி தாளை வாங்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"மார்ச் மாசம் நான் கேட்டேன். கேட்டது என் தப்பு, ஒத்துக்கிடுதேன். ஆனா இவிய 'இல்ல'ன்னு சொன்னாவ. ஒண்ணும் சொல்லாம இருந்திருக்கலாம். 'இல்ல, அது நெசம்'னு சொன்னாவ."

இருபது பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

செப்டம்பர் 6, சனி

எழுதிவிடுகிறேன்.

மார்ச் பதினாறு அன்று நான் "இல்ல தவமணி, அது நெசம்" என்றேன். அந்த வாக்கியத்தை இதில் எழுதாமல் விட்டேன். அவள் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. விதியை மீறிக் கேட்டாளே என்ற கோபம் இல்லை அது. குளிர்சாதனக்காரருக்கு அடுத்து என் பெயரைப் போட்டவள் இன்று என் வீட்டில் உட்கார்ந்து என் ஒரு தலையசைப்புக்குக் காத்திருக்கிறாளே என்று இருந்தது. அந்த ஒரு நிமிடம் நன்றாக இருந்தது. அதற்காகச் சொன்னேன்.

ஜனவரியில் சீட்டுக் குலுக்கவும் இல்லை. 119 அவளுடையது என்பதால் 120 வைத்தேன். அவளுடையதற்கு நான் ஏன் பொம்மை செய்ய வேண்டும் என்று நினைத்தேன்.

சோறு பொங்கினேன். இரண்டு பேருக்குப் பொங்கிவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஸார் போன மாதக் கடைசியில் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதுத் தலைவர் இன்னும் வரவில்லை. செய்வதற்கு வேலை இல்லாததால் தவமணி தனியாக உட்கார்ந்து, மார்ச்சில் நிறுத்திய பிப்ரவரித் தரவை அலசிக்கொண்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இன்று நைட்ரஜன் தொட்டியருகே என்னைத் தேடி வந்தாள். செப்டம்பருக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். கையில் ஒரு தாள்.

முப்பத்து நான்காம் கீற்று. கனமான அணு ஒன்று விழுந்து வரிசையாக ஆல்பாக்கள். மூன்றாவது தலைமுறையிலிருந்து கீழே எல்லாம் ஏற்கெனவே தெரிந்த தனிமங்கள், நேரமும் ஆற்றலும் அச்சாகப் பொருந்துகின்றன. மேலே ஏறிக் கணக்குப் போட்டால் முதலில் விழுந்தது 119. வேகம் 119க்கு வைத்திருந்த நாட்களில் விழுந்தது. பெர்க்கிலியம் தொண்ணூற்று மூன்று சதவீதம் இருந்த நாள்.

"பிப்ரவரி பதினொண்ணு" என்றாள். "இது ஒங்களுதா?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா இல்ல தவமணி. நான் வச்சது ஒண்ணுதான். உறையில இருந்ததுதான்."

"அன்னைக்கும் இதே மொகத்தோடதான் சொன்னிய" என்றாள். தாளை மடித்துக்கொண்டு போனாள்.

அக்டோபர் 30, வியாழன்

மதிப்பீட்டுக் குழு வெளியிலிருந்து வந்தது. மூன்று பேர். முப்பத்து நான்காம் கீற்றைப் பார்த்துவிட்டு மூவரும் தாளை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தார்கள். அவ்வளவு சுத்தமான வரிசை. இரண்டாவது இல்லாவிட்டாலும், ஐயத்துக்கு இடமில்லாத முதல் ஒன்று என்று அறிவித்துவிடலாம். அதைக் காட்டிப் புதுச் சக்கரம் கேட்கலாம். தவமணிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நிரலில் தடயம் இருக்காது. உறையில் எழுதாமல் இரண்டாவது ஒன்றை வைத்திருக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றேன். வைத்தீர்களா? இல்லை. இந்தத் துணைத் தலைவரிடம் மார்ச்சில் இதே கேள்விக்குப் பொய் சொன்னது நீங்கள்தானா? ஆமாம்.

மூத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, இந்த நிகழ்வு பொய் இல்லங்கிறதுக்கு ஒங்க வார்த்தையத் தவிர வேற எதுவும் இல்ல. புரியுதுங்களா?"

குறிப்பில் "கணக்கில் கொள்ளப்படவில்லை" என்று எழுதினார்கள். தவமணி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

நவம்பர் 9, ஞாயிறு

தவமணி இடமாற்றம் கேட்டு வாங்கிவிட்டாள். டிசம்பர் முதல் வாரம் போகிறாள். வடக்கே எங்கோ, மருத்துவ ஐசோடோப்பு வேலை.

இந்த டைரியை இன்று அவளிடம் கொடுக்கப்போகிறேன். ஜனவரி இருபத்து மூன்றில் "ஒன்றே ஒன்று போதும்" என்று எழுதியிருக்கிறேன். பிப்ரவரி பதினொன்றில் "ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறேன், கொப்புளத்தோடு. இரண்டாவது பொம்மை வைத்திருந்தால் இங்கே இருந்திருக்கும். வேறு யாருக்காகவும் எழுதியதில்லை இது. செப்டம்பர் ஆறையும் அவள் படிப்பாள். படிக்கட்டும். குழுவிடம் காட்ட வேண்டுமானாலும் காட்டட்டும். என்னை என்ன நினைத்தாலும் சரி, அந்த ஒரு அணு அவளுக்குக் கிடைக்க வேண்டும்.

மிச்சம்: 52.

நவம்பர் 23, ஞாயிறு

மதியம் வந்தாள். உள்ளே வரவில்லை, கதவருகிலேயே நின்றாள். உள்ளே வா, சாப்பிடு என்று கூப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாளாம். டைரியை ஒரு துணிப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"முழுசும் வாசிச்சேன். ரெண்டு தரம் வாசிச்சேன்."

"குழுவுக்கு அனுப்பினியா?"

"இல்ல."

"ஏன்ளா? அதுல இருக்கே. பிப்ரவரில ஒண்ணுமில்லன்னு..."

"ஜனவரில சீட்டுக் குலுக்குனேன்னு எழுதிருக்கிய. குலுக்கல. மார்ச்சுல பதில் சொன்னேன்னு மட்டும் எழுதிருக்கிய. என்ன பதில்னு எழுதல." அவள் குரல் உயரவில்லை. "ஜனவரி பொய்யி, மார்ச்சு மறைச்சது. நடுவுல பிப்ரவரி மட்டும் நெசம்னு அவங்ககிட்ட நான் எப்படிக்கா சொல்ல?"

எனக்கு அந்தக் கணக்கு அதுவரை தோன்றவே இல்லை.

"நீ நம்புதியா?" என்று கேட்டேன்.

காலால் மணலைத் தள்ளினாள். "நம்பணும்னுதான் ரெண்டாந்தரம் வாசிச்சேன்" என்றாள். பிறகு, என் கட்டைவிரலைப் பிடித்து, கொப்புளம் இருந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்பது மாதத்தில் தழும்பு மறைந்துவிட்டது. விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

டிசம்பர் 2, செவ்வாய்

தவமணி காலை ரயிலில் போய்விட்டாள். நைட்ரஜன் ஊற்றினேன். டிடெக்டர் இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது, அதில் விழ எதுவும் இல்லை என்றாலும்.

பிப்ரவரி 11 அன்று ஒன்று விழுந்தது. உலகத்தில் அதை உறுதியாக அறிந்தவள் நான் ஒருத்தி. இதை எழுதுவதும் நான்தான்.

மிச்சம்: 50.